தாலி கட்டியது ஊரில்தான்



கண்ணாடி மாட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே மெய்நிகர் உலகத்தில் கூடினால் நம் குறைகள் தீருமா என்று பேசச் சொன்னீர்கள். தீரும் குறைகளும் உண்டு. 2022 பிப்ரவரி 6, கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு கல்யாணம். கொரோனாக் கட்டுப்பாடு, நூறு பேருக்கு மேல் கூடக்கூடாது. வரவேற்பை மெய்நிகர் உலகத்தில் வைத்தார்கள். பெண்ணின் அப்பா முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்; அவரும் அங்கே உருவமாக வந்து நின்றார். அந்த மகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனாலும் தாலி கட்டியது ஊரில்தான்.

அதேபோல, ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்கு வரும் பிள்ளை அந்த மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டி வெல்டிங் பழகட்டும். தகடு வீணாகாது, கை சுடாது. மனதார வரவேற்கிறேன்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 28இல் ஃபேஸ்புக் நிறுவனம் ‘மெட்டா’ என்று பெயர் மாற்றி, இனி எல்லாம் மெய்நிகர் உலகத்தில்தான் என்றது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஐபோன் செய்யும் நம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதியில் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தரையில் படுக்கை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி. பொய்தான், நம்பும்படி இருந்தது அந்த விடுதிகளின் நிலைமை.

அந்தப் பிள்ளைகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை நின்றது. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்ட் 17இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இதே கூட்டம் மெய்நிகர் உலகத்தில் கூடியிருந்தால்? அந்த உலகத்துக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர் கதவைச் சாத்தினால் கூட்டம் முடிந்தது. தார்ச்சாலையில் உட்கார்ந்தவர்களை அப்படி அணைத்துவிட முடியவில்லை!

சோறும் தண்ணீரும் படுக்கையும் உடம்புக்கு வேண்டியவை. இந்த வட்டாரத்தில் இன்னும் எத்தனையோ பெண்கள் வாடகை அறைகளில் நெருக்கியடித்துத் தூங்குகிறார்கள். ஒவ்வொரு விடுதியிலும் அங்கே சாப்பிடும் பெண்களே உட்காரும் உணவுக்குழு வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மாதாமாதம் வாசலில் ஒட்ட வேண்டும். இவற்றைக் கேட்டு ஆட்சியருக்கு மனு எழுதியாகிவிட்டது. கையெழுத்து நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது போட்டுவிட்டுப் போங்கள்.