கண் சிவந்தால்



கண் சிவந்து ஒருவர் எதிரே வந்தால் போதும், ‘மெட்ராஸ் ஐ’ என்று நாம் உடனே பெயர் சூட்டிவிடுகிறோம். ஒரு நோய்க்குச் சென்னையின் பெயரை இட்டு வழங்குவது அந்நகருக்குச் சற்றே அநீதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்கென்று தனி மருத்துவமனையை 1819-ஆம் ஆண்டிலேயே கண்ட நகரம் அது. இன்றும் அம்மருத்துவமனை எழும்பூரில் பணிபுரிந்து வருகிறது.

நான் மருத்துவன் அல்லன். ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் தருமபுரிப் பகுதியின் கிராமப் பள்ளிகளில், கண் சிவந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரை மருத்துவமனைக்கு விரைந்து அனுப்புவது என்ற கேள்வி எங்களைப் போன்றோர் முன்னும் பெற்றோர் முன்னும் எப்போதும் நிற்கிறது. அதைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

மெட்ராஸ் ஐ என்பது வெள்ளை விழியை மூடியுள்ள மெல்லிய சவ்வின் அழற்சி. பெரும்பாலும் நச்சுயிரால் வருவது. கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். நீரும் பீளையும் வடியும். காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் பரவும். ஆனால் பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை தெளிவாகவே இருக்கும். ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் தானே தணியும். நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாணவர்கள், அவனுடைய துண்டையே வாங்கி முகம் துடைப்பதை நான் கண்டதுண்டு. அது பரவுவது கையாலும் துணியாலுமே அன்றிப் பார்வையால் அன்று.

அஞ்சவேண்டிய சிவப்பு வேறு. அது கருவிழியைச் சுற்றி வளையம் போல் அடர்ந்திருக்கும். கண் வலிக்கும்; வெளிச்சம் பட்டால் கூசி இமைகள் இறுகும்; பார்வை மங்கும். சில வேளைகளில் கருவிழியின்மேல் வெண்ணிறப் புள்ளி ஒன்று தெரியும். வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. நலமாயுள்ள கண்ணைக் கையால் மூடச்செய்து, சிவந்த கண்ணால் சுவரிலுள்ள நாட்காட்டியின் எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். முன்பு படித்தவர் இப்போது தடுமாறினால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

கருவிழியின் முன்னே கடிகாரக் கண்ணாடி போல் அமைந்திருப்பது கருவிழிப்படலம். நடுவில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்களே இல்லை. அதனால்தான் ஒளி தடையின்றி உட்புகுகிறது. அதன் மேற்பரப்பு சிறிது கீறினாலும் கிருமிக்கு வழி திறந்துவிடும். புண் ஆறிய பின்னும் வெண்தழும்பு நிற்கும். கண்ணில் பூ விழுந்தது என்று நம் ஊரார் சொல்வது பெரும்பாலும் இத்தழும்பையே.

இக்கீறல் நம் மாவட்டத்தில் எங்கே உண்டாகிறது? களத்தில்தான். கேழ்வரகுக் கதிர் அடிக்கும்போதும், தூற்றும்போதும், கடலைக்கொடி அலசும்போதும் தூசும் சுணையும் கண்ணில் தெறிக்கின்றன. பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு வெட்டுவோரின் முகத்தில் சோகை அறுக்கிறது. மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டின் நிலையைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், ஆண்டுக்கு இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாகக் கண்டனர். அமெரிக்க நாட்டின் ஒரு வட்டாரத்தில் எடுத்த கணக்கோ 11 மட்டுமே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994-இன் முதல் மூன்று மாதங்களில் இப்புண்ணுடன் வந்த 434 பேரில் மூவரில் இருவர், கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி இன்னதென்று தெரிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் புண்ணை உண்டாக்கியது பூஞ்சை. ஆம், ஈரச் சுவரிலும் மட்கிய தழையிலும் படர்கிறதே, அந்த இனம்தான்!

இனி நம் கைவைத்தியத்துக்கு வருகிறேன். தாய்ப்பாலைப் பீய்ச்சுதல், நந்தியாவட்டைச் சாறு பிழிதல், விளக்கெண்ணெய் விடுதல், நாவால் தூசு எடுத்தல் ஆகியவை நம் முன்னோர் அன்பினால் செய்தவை. அவர்களைப் பழிப்பதற்கு எனக்கு மனமில்லை. ஆனால் கீறிய கண்ணுக்கு இவையாவும் கிருமியைக் கொண்டுசேர்க்கும் வழிகள். இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. என் மாணவன் ஒருவனின் தந்தை கடலை அறுவடையில் கண்ணில் தூசு பட்டு, ஒரு மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினார். விட்ட இரண்டாம் நாளே சிவப்புத் தணிந்தது. மனிதர் மகிழ்ந்து மீண்டும் வயலுக்குப் போனார். பத்து நாளில் கருவிழி முழுதும் வெளுத்தது. அந்தப் புட்டியில் இருந்தது ஸ்டீராய்டு கலந்த மருந்து. அது சிவப்பை அடக்கும். உடலின் எதிர்ப்பையும் அடக்கும். பூஞ்சையோ தடையின்றி உள்ளே வளரும். அந்தக் கண் மீளவில்லை. அவ்வாண்டே அம்மாணவன் பள்ளியை விட்டு ஏர் பிடித்தான்.

முறையான சிகிச்சையில், மருத்துவர் புண்ணிலிருந்து சிறிது சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். பாக்டீரியா என்றால் ஒரு மருந்து. பூஞ்சை என்றால் வேறு மருந்து. இழைப் பூஞ்சைக்கு நாட்டமைசின் என்ற சொட்டு மருந்து உண்டு. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாய் வந்த வோரிகோனசோலைவிட இப்பழைய மருந்தே மேலெனத் தெரிந்தது. தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை, இரவிலும், மருந்து விடவேண்டியிருக்கும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து விடுவதே மருந்துக்குப் பாதி பலம்.

புண் வருமுன் தடுக்கவும் வழியுண்டு. நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில், கிராமத் தொண்டர்களுக்குப் பயிற்சியளித்து, கண் கீறியவர்களுக்குக் குளோரம்பெனிக்கால் களிம்பை மூன்று நாள் இடச் செய்தனர். அதன் முடிவு 2001-இல் வெளியாயிற்று. கீறல் கண்ட 442 பேரில் 100-க்கு 96 பேர் புண்ணின்றிக் குணமடைந்தனர். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. அப்பதினெட்டு மணி நேரத்தை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பேருந்தில் புறப்பட்டால் அன்றே வந்து சேரலாம்.

மற்றும் சில. நடுவயது கடந்தவருக்கு ஒரு கண் திடீரெனச் சிவந்து, கடுந்தலைவலியும் வாந்தியும் கண்டு, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால், அது கண்ணுள் அழுத்தம் ஏறியதாக இருக்கலாம். பித்தம் என்று கஷாயம் குடித்துப் படுத்துவிடலாகாது. அன்றிரவே மருத்துவமனை சேரவேண்டும். இதற்கு மாறாக, வலியின்றி, பார்வையும் குன்றாமல், வெள்ளை விழியில் இரத்தத் திட்டு மட்டும் தோன்றுவதுண்டு. பார்ப்பவர் பதறுவர், அதுவோ பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துபோகும்.

இறுதியாக, வெற்றிலைச் சுண்ணாம்பு. அதைப் பொட்டலமாக விற்கிறார்கள். குழந்தை அழுத்தி விளையாடுகையில் அது கண்ணில் பீறிடும். சுண்ணாம்பு படலத்தைத் தீயினும் விரைவாகச் சுடும். அந்நேரம் மருத்துவரைத் தேடி ஓடாதீர்கள். குழந்தையைப் படுக்கவைத்து, இமைகளை விரித்து, ஒட்டிய துகளைத் துணி நுனியால் நீக்கி, நல்ல நீரை அரைமணி நேரம் இடைவிடாமல் ஊற்றுங்கள். குழந்தை கதறும், கை நிறுத்தலாகாது. அதன் பின்னரே வண்டிக்கு ஆள் அனுப்புங்கள்.