நடுக்கமும் நடனமும்

 

நடத்தல் என்பது மனிதர் எண்ணிப் பாராமலே செய்யும் செயல். எந்தக் காலை முதலில் வைப்பது, கையை எப்போது வீசுவது என்று எவரும் சிந்திப்பதில்லை. அந்த எளிமை கைநழுவிப் போகும் நிலையே பார்க்கின்சன் நோய். 1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை நடுக்குவாதம் என்று குறிப்பிட்டுச் சிறுநூல் ஒன்றில் விளக்கினார். நடுமூளையில் கருநிறமுடைய சிறுபகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவை மெல்ல மெல்ல அழியும்போது கை நடுங்குகிறது, தசை விறைக்கிறது, அடி சுருங்குகிறது, குரல் தாழ்கிறது. வாயிற்படியை அணுகியதும் கால்கள் தரையில் ஒட்டியவை போல நின்றுவிடுவதும் உண்டு.

உள்ளம் படும் துயரமும் சிறிதன்று. முகத்தசை இறுகுவதால் சிரிப்பு மறைகிறது. அதனைச் சினம் என்று சுற்றத்தார் பிழையாக எண்ணுகின்றனர். பந்தியில் குழம்பு சிந்திவிடுமோ என்று அஞ்சித் திருமணங்களுக்குச் செல்வதையே நிறுத்திவிடுவோர் பலர். நோய் ஒருவரை வீட்டில் அமர்த்துகிறது; நாணம் கதவைச் சாத்திவிடுகிறது.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 2001ஆம் ஆண்டு அப்படிச் சாத்திய கதவுகள் திறக்கலாயின. அங்குப் பார்க்கின்சன் நோயாளர் குழுவை நடத்திவந்த ஓலி வெஸ்ட்ஹைமர் என்னும் அம்மையார், மார்க் மாரிஸ் நடனக் குழுவினரை அணுகினார். எளிதில் வாராத அசைவை மனத்தால் எண்ணி, இசையின் துணைகொண்டு வரவழைப்போர் நடனக் கலைஞர்கள். நோயுற்றோர் கற்க வேண்டுவதும் அதுவே என்பது அவர் கருத்து. டேவிட் லெவந்தால் முதலிய கலைஞர்கள் ஆசிரியர்களாயினர்.

அவ்வகுப்பு நாற்காலியில் அமர்ந்தபடியே தொடங்கும். பின்னர், இயன்றவர் கம்பியையோ நாற்காலியையோ பற்றி எழுந்து ஆடுவர். அதன்பின் கூடத்தின் குறுக்கே இசைக்கேற்ப நடப்பர். இறுதியில் அனைவரும் வட்டமாகக் கைகோத்து நிற்பர். கணவர், மனைவி, மக்கள் ஆகியோரும் உடன் ஆடுவர். அங்கே நோயாளர் என்று எவரும் இல்லை. எல்லோரும் நடனம் பயிலும் மாணாக்கர். மருந்து ஊட்டியவரும் உண்டவரும் அந்நேரம் ஒரே தாளத்தில் அசைகின்றனர்.

இதன் அடிப்படை யாது? தானாக நிகழும் அசைவுக்கு மூளையின் உட்பகுதி தரும் ஏவல் தளர்ந்துவிடுகிறது. ஆனால், செவியில் விழும் தாளமும் கண்ணில் படும் தரைக்கோடும் வேறு வழியாக அந்த ஏவலைத் தர வல்லவை. அசையாது நின்ற கால், ‘ஒன்று, இரண்டு’ என்ற எண்ணிக்கைக்கு எழுந்து நடப்பது இதனாலேயே. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அர்ஜென்டினாவின் டாங்கோ நடனம் பயின்றோரின் உடற்சமநிலை மேம்பட்டதைக் கண்டனர். தொடங்குதல், நிற்றல், திரும்புதல், பின்னோக்கி நடத்தல் ஆகிய நான்கும் அந்நடனத்தில் உண்டு. இந்நோயில் இடர் தருவனவும் அவையே. இந்தியாவிலும் புனே நகரில் ரிஷிகேஷ் பவார் என்னும் நடனக் கலைஞர் இத்தகைய வகுப்புகளை நடத்தியுள்ளார்.

ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். நடனம் இந்நோயைத் தீர்ப்பதன்று. மருந்தை நிறுத்துதல் பெருந்தீங்கு. மருத்துவரைக் கேட்டு, விழாதபடி ஒருவர் அருகில் நிற்க, நாற்காலியில் அமர்ந்தே தொடங்குதல் நலம்.

‘இந்த வயதில் ஆட்டமா?’ என்று கேட்போர் உளர். ஆடுவது பிறர் காண்பதற்கன்று. தம் உடலைத் தாமே மீண்டும் அறிவதற்கு. அவையோரே! இல்லத்தில் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் பெரியவரின் அருகே இன்று மாலை சற்று அமருங்கள். அவர் விரும்பும் பாடலை ஒலிக்கவிட்டுக் கையை நீட்டுங்கள். நடுங்கும் அக்கை தாளத்தோடு எழுமாயின் மகிழுங்கள். எழாவிடினும் பற்றிய கையை விடாதீர்கள்.