டயரை மட்டும் விசாரித்தால் போதுமா?

'டயர் வெடித்து கார் கவிழ்ந்தது' என்று செய்தி வந்தால் நாம் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. விபத்தை ஆராய்பவருக்கோ விசாரணையே அங்கேதான் தொடங்குகிறது. டயர் வெடித்ததால் கார் மோதியதா, மோதியதால் டயர் கிழிந்ததா? காற்றிறங்கிய டயரில் கார் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால், அதன் பக்கவாட்டில் சுற்றிலும் மடிந்து சூடேறிய தடம் விழுந்திருக்கும். உள்ளே ரப்பர் தூள் உதிர்ந்திருக்கும். மோதலில் போன டயரிலோ, ரிம் நசுக்கிய வெட்டு ஓரிடத்தில்தான் இருக்கும். இதைப் பாராமல் டயர்மேல் பழி போடுவது, ஓட்டியவரின் வேகத்துக்கு நல்ல திரையாகிவிடுகிறது.

சரி, பட்டன் தேய்ந்து மொட்டையான டயர் என்றால் அதுவே காரணமாகாதா? காய்ந்த தார்ச்சாலையில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே பிடிப்பைத் தருவது ரப்பர். டயரில் பள்ளங்கள் இருப்பது தண்ணீரை வெளியேற்ற. பந்தயக் கார்கள் காய்ந்த தடத்தில் பள்ளமே இல்லாத டயரோடு ஓடுகின்றன. மழையில்தான் கதை மாறுகிறது: வெளியேற வழியில்லாத நீர் டயரைத் தூக்கிவிடும், ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்காது. கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும் என்று நம் மோட்டார் வாகன விதிகள் கேட்பதன் நியாயம் இதுவே. வேகத்தைக் கணக்கிடும்போதும் காய்ந்த சாலை, ஈரச் சாலை என்ற இந்த வேறுபாடு குறுக்கே வரும். பிரேக் பிடித்து, சக்கரம் பூட்டி, 20 மீட்டர் தேய்ந்து நின்ற கார், சாலையில் டயரின் பிடிப்பைக் காட்டும் உராய்வு எண் 0.7 என்றால் மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறது, 0.4 என்றால் 45. தடம் ஒன்றுதான், எண்தான் வேறு. அதனால்தான் புத்தக அட்டவணையை நம்பாமல், அதே சாலையில் அதே ஈரத்தில் சோதனை செய்து பார்ப்பது நல்லது.

2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தை எடுத்துக்கொள்வோம். காரின் டயர்களுக்கு ஒன்பது வயதுக்கு மேல். பழைய ரப்பர் இறுகும், பிடிப்பு குறையும். அதிகாரிகளும் அதைக் குறித்துக்கொண்டார்கள். ஆனாலும் காரணமாகச் சொன்னது வேகத்தைத்தான். பழைய டயருக்கும் பங்கில்லையா என்று கேட்பது நியாயம்தான், இருக்கலாம். ஆனால் அங்கே அனுமதித்த வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். கார் போனது 130க்கும் 150க்கும் இடையில். வளைவில் வேகம் இரட்டித்தால் தேவைப்படும் பிடிப்பு நான்கு மடங்கு. புது டயரை மாட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது.