மரத்தின் பெயரும் தரமும்

(நம் சங்கத்தின் ஒசூர்க் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நம் மாணவர் விடுதியின் ஓட்டுக் கூரைக்கு மரம் வாங்குதல்பற்றி இன்று ஆராய்கின்றோம். மரத்தைப்பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு உரிமை யாது எனச் சிலர் வினவலாம். யான் பட்ட இழப்பே அவ்வுரிமையை அளித்தது.

பத்தாண்டுகட்கு முன், தேக்கு என்னும் பெயரை நம்பி என் வீட்டுத் தாழ்வாரத்திற்கு உத்தரம் ஒன்று வாங்கினேன். ஐந்தாம் ஆண்டில் அதினின்று மாவு உதிர்ந்தது, யான் பொருட்படுத்திலேன். ஏழாம் ஆண்டு மழைக்காலத்து ஓரிரவில் அஃது ஒடிந்து வீழ்ந்தது. நாள்தோறும் அதன்கீழ்த் துயிலும் என் அன்னையார் அன்று அயலூர் சென்றிருந்தமையால் பிழைத்தார். ஒடிந்த மரத்தை நோக்கினால், பாதிக்கு மேல் வெளிறாயிருந்தது!

அகத்தே வயிரமுடையது மரம், புறத்தே வயிரமுடையது புல் எனத் தொல்காப்பியனார் மரபியலில் பகுத்தார். இதனை மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பித்த யான் மரக்கடையில் மறந்தேன். தேக்கு, வேங்கை முதலியவற்றின் நிறம் செறிந்த வயிரமே கறையானையும் உளுவையும் எதிர்த்து நிற்கும். அதனைச் சூழ்ந்த வெளுத்த வெளிறு, தேக்கேயாயினும் நிலையாது. இளந்தேக்கில் வெளிறே மிகுதி. ஆதலின் மரத்தின் பெயர் வேறு, தரம் வேறு.

டேராடூனில் 1906-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டு மரங்களின் வலிமையை அளந்துள்ளது. இந்தியத் தரவிதிகள் கட்டட மரத்தைத் தேர்ந்த தரம், முதல் தரம், இரண்டாம் தரம் என வகுக்கின்றன. ஒரே இனத்து மரத்தில் முதல் தரம் 100 பங்கு தாங்குமெனின், தேர்ந்தது 116, இரண்டாவது 84 எனக் கொள்வர். இத்தரங்களை நாரின் சாய்வு கொண்டும் அறியலாம். தேர்ந்த தரத்தில் 20 அங்குல நீளத்திற்கும், முதல் தரத்தில் 15 அங்குலத்திற்கும், இரண்டாம் தரத்தில் 12 அங்குலத்திற்கும் நார் ஓரங்குலத்திற்கு மேல் விலகலாகாது. கணுவையும் நோக்குதல் வேண்டும். சுமை ஏறுங்கால் உத்தரத்தின் அடிப்புறம் இழுபடும். ஆதலின் அடிவிளிம்பின் நடுவிடத்துப் பெருங்கணு மிகத் தீது. பச்சை மரமோ, கூரையேறிய பின் உலர்ந்து சுருங்கி முறுக்கிக்கொள்ளும்.

இன்னுமொன்று. ஒசூர்த் தொழிற்சாலைகட்கு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் மரத்தை வாங்கலாம் என அன்பர் ஒருவர் கூறினார். அதிற் காணும் 'எச்.டி.' முத்திரை, மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியசு வெப்பம் 30 நிமிடம் ஏற்றிப் பூச்சியை ஒழித்தனர் என்பதற்கே சான்று. கூரையைத் தாங்கும் வலிமைக்குச் சான்றன்று.

அன்பர்களே! விலை குறைவு என்னும் ஒன்றே கருதி மரம் கொள்ளற்க. பட்டறிவுமிக்க தச்சர் ஒருவரையும் நம்முள் இருவரையும் மரவாடிக்கு அனுப்புவோம். அவர்கள் ஒவ்வொரு மரத்தின் இருமுனையையும் நோக்கி, வெளிறு நீக்கி, வயிரத்திற்கே கன அடி கணக்கிடுக. அதற்கு மேலும் பொருள் வேண்டின், என் ஒரு திங்கள் ஊதியத்தை மகிழ்வுடன் தருவேன். அக்கூரையின்கீழ்த் துயிலப்போகின்றவர் நம்மை நம்பிப் பெற்றோர் விடுத்த பிள்ளைகள் அல்லரோ?