பெயர் ஒன்றானால் தெய்வம் ஒன்றா?



தெய்வங்கள் ஒன்றோடொன்று கலப்பதை ஆராய ஹுன்னஸ்கிரியவை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கண்டி–மகியங்கனை வீதி இவ்வழியேதான் போகிறது. ஒரு முனையில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள். மறுமுனையில் சமன் தேவாலயம். நடுவே தேயிலைத் தோட்டந்தோறும் மாரியம்மனும் முனியாண்டியும்.

இப்பொருள் என்றதும் கிரேக்கமும் உரோமும்தான் முதலில் நினைவுக்கு வரும். சியுஸ் என்றால் யூபிடர், ஏரிஸ் என்றால் மார்ஸ் என்று பட்டியல் படித்தவர்கள் நாம். கி.மு. 217இல் ஹன்னிபாலிடம் திராசிமேன் ஏரிக்கரையில் தோற்ற உரோமர், பன்னிரு தெய்வங்களை இணை இணையாக அமர்த்தி விருந்து படைத்தார்கள். ஆனாலும் பட்டியல் சொல்வதை விட மறைப்பதே அதிகம். ஹோமரின் காவியத்தில் சியுஸே வெறுக்கும் மகன் ஏரிஸ். உரோமின் மார்ஸோ ரோமுலஸின் தந்தை. பயிரைக் காக்கும்படி உழவன் வேண்டிக்கொண்ட தெய்வம். அப்போலோ தன் கிரேக்கப் பெயரோடே உரோமுக்குள் வந்தார். ஜேனஸுக்குக் கிரேக்கத்தில் இணையே இல்லை.

நம் நாட்டிலும் இதே சிக்கல் உண்டு. தெவிநுவரவில் 1588இல் போர்த்துக்கேயர் இடித்தழித்த கோயிலின் தெய்வம் உப்புல்வன். இன்று அவரை விஷ்ணு என்கிறோம். ஆதியில் அவர் வருணனே என்று வாதிட்டார் பேராசிரியர் செனரத் பரணவிதான. அம்முடிபை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. புதுப்பெயர் நிலைத்தபின் பழைய தெய்வத்தின் வரலாறு தேடி எடுக்கவேண்டியதாகிவிட்டது என்பதே என் கவலை.

பத்தினியின் கதை வேறு. கண்ணகி விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பத்தினி கண்ணகியே என்பதற்கு அதைவிட உறுதியான சான்றாக நான் கொள்வது கொம்புமுறி விளையாட்டை. மட்டக்களப்பில் தென்சேரியார் கண்ணகி பக்கம், வடசேரியார் கோவலன் பக்கம். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை வடம்பிடித்து இழுப்பார்கள். சிங்கள ஊர்களில் இதுவே அங்கெலிய. அங்கும் இரு கட்சிகள். ஒன்று பத்தினிக்கு, மற்றது பாலங்கவுக்கு. பாலங்க வேறு யாருமல்லர், கோவலன்தான். சடங்கு இப்படி வரிக்கு வரி ஒத்துப்போகும் இடத்தில்தான் உறவென்று துணிந்து சொல்லலாம். பெயர் ஒப்புமை மட்டும் போதாது.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தேயிலை மலையில் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து தொடங்கும்போது கும்பிடப்படும் கவ்வாத்துச்சாமிக்கு எந்தப் பட்டியலிலும் இணை கிடையாது. அந்தச் சாமிக்கு அவசரப்பட்டு ஒரு பெரிய தெய்வத்தின் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். என்ன படைக்கிறார்கள், யார் பூசை செய்கிறார்கள், எந்த மாதத்தில் என்று லயத்துப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதி வையுங்கள். நாளைய அமர்விலேயே அந்த வேலையைத் தொடங்குவோம்.