முகம் தெரியணும், குரல் கேக்கணும்

(மாணவர் குறும்படப் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் சினிமாக்காரன் இல்லை. பகலில் வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணுகிறவன். ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். ஆனாலும் ஒரு குறும்படம் எடுத்துத் தோற்றவன். அந்தத் தோல்வியைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்க தெரு பசங்களோடு சேர்ந்து எட்டாயிரம் ரூபாய் திரட்டினோம். ஆறாயிரம் கேமரா வாடகைக்கே போச்சு. பெரிய கேமரா வந்தால்தான் படம் என்று நினைப்பு. தனியாக மைக் வாங்கவில்லை. எங்க சேரிக்குக் கிணறு வந்த கதையை ஒரு பாட்டி புளியமரத்தடியில் உட்கார்ந்து சொன்னாள். கேமரா பத்தடி தள்ளி நின்றது. எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கு. குரல்? காத்து, பஸ் ஹாரன், காக்கா. அடுத்த பொங்கலுக்குள் பாட்டி போய்ச் சேர்ந்துட்டா. முகம் இருக்கு, பேச்சு இல்லை. காலங்காலமாக நமக்கு நடந்ததையே நாமும் அவளுக்குச் செய்தோம்.

அதனால் முதல் காசு மைக்குக்கு. சட்டையில் குத்துகிற வயர் மைக் போதும். அதை இன்னொரு போனில் சொருகி, ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுகிறவர் பையில் வையுங்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை கை தட்டினால் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம். திறந்த வெளியில் மைக்கின் தூரம் பாதியானால் அதில் விழும் ஒலியின் வலு நாலு மடங்கு. பிடிக்கும்போதே இயர்போனில் ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கணும்.

கேமரா? உங்க கையில் இருக்கிற போன். ஷான் பேக்கர் 2015இல் வந்த ‘டேஞ்சரின்’ முழுநீளப் படத்தை ஐபோன் 5எஸ்ஸில்தான் எடுத்தார். ஆனால் அதிலும் ஒலியை மட்டும் போனை நம்பி விடவில்லை. இதைக் கவனிக்கணும்.

அடுத்து வெளிச்சம். இதில் அரசியல் இருக்கு. பிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்க கோடாக் கம்பெனி அச்சுக்கூடங்களுக்கு ‘ஷெர்லி’ அட்டை அனுப்பியது. பல வருஷம் அதில் வெள்ளைக்காரப் பெண்தான். அவள் தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி. கறுத்த முகங்கள் இருட்டில் கரைந்தன. பிலிம் போயாச்சு, புத்தி போகலை. இன்றைக்குப் போனில் ‘பியூட்டி மோடு’ என்று இருக்கே, அது நம்ம தோலைத்தான் வெளுக்குது. முதல் வேலையா அதை அணைச்சிடுங்க.

தானாக வெளிச்சம் கணிக்கிற கேமரா மொத்தக் காட்சியையும் நடுத்தரமாக்கப் பார்க்கும். சுண்ணாம்புச் சுவர் முன்னால் கறுத்த ஆளை நிறுத்தினால் சுவருக்காக முகத்தை இருட்டாக்கிவிடும். சுவரை விட்டு ஆளை நகர்த்துங்கள். முகத்தில் விரலை அழுத்தி வைத்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். இருட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள். வெளுக்க வைக்க அல்ல, கண்ணும் ரேகையும் தெரிய.

இன்னொன்று. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் டியூப்லைட் படத்தில் துடிக்காது.

மிச்சக் காசு பவர் பேங்குக்கும், எடுத்ததை அன்றைக்கு ராத்திரியே இரண்டு இடத்தில் காப்பி பண்ணவும், நடிக்க வந்தவர்கள் சோத்துக்கும். கூலியை விட்டுட்டு வர்றவங்க அவங்க. அவங்க பசியில் நம்ம படம் ஓடக்கூடாது.

கடைக்குப் போகும்முன் ஒரு சோதனை. உங்க அம்மாவை அடுப்படியில், வாசல் வெளிச்சத்தில் மட்டும், ஒரு நிமிஷம் பேசவிட்டு எடுங்க. முகம் தெரிஞ்சு, சொன்னது விளங்கினா, உங்ககிட்ட இருக்கிறதே போதும். விளங்கலேன்னா எது குறையுதோ அதை மட்டும் வாங்குங்க.

அந்தப் பாட்டியின் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. சத்தமில்லாமல் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது.