ஊர்ப்படமும் நம்மவர் கடமையும்

(அம்பத்தூரில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, கலியாணச் செலவு, ஏழை மாணவர்க்கு உதவி என்பன பற்றிப் பேசுதலே இம்மேடைக்கு வழக்கம். இன்று யாம் அவ்வழக்கினின்றும் சிறிது விலகி, நிலத்தைப் பற்றிச் சில சொல்லப் புகுந்தனம். தமிழாசிரியர்க்கு நில விவகாரத்தில் என்ன வேலை என்று நுங்களுட் சிலர் நகைக்கலாம். முதற்பொருள் எனப்படுவன நிலமும் பொழுதும் என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லி வருகின்றோம். அந்நிலம் நம் காலடியிலேயே உருமாறுங்கால் வாளாவிருத்தல் எமக்கு முறையன்று.

சென்னைப் பெருநகர்க்கு இப்பொழுது நடைமுறையிலுள்ள இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ஆம் ஆண்டில் அரசினரால் ஏற்கப்பட்டது. அது 2026-ஆம் ஆண்டைத் தன் எல்லையாகக் கொண்டது. அதற்கடுத்து 2046 வரைக்கும் செல்லவேண்டிய மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தார் மேற்கொண்டுள்ளனர். இன்று நம் வீட்டுத் தொட்டிலிற் கிடக்கும் குழவி, வீடு கட்டிக் குடிபுகும் பருவத்தை எய்தும் வரையில் இவ்வூர் எங்ஙனம் இருக்கும் என்பதை அத்திட்டமே வரையறுக்கும். ஆதலின், மகளிர் இப்பேச்சு ஆடவர்க்கே உரியதென்று எழுந்து செல்லாதிருப்பாராக.

முழுமைத் திட்டம் என்பது யாதோவெனின், ஒவ்வொரு புல எண்ணும் இன்ன பயனுக்கு உரியது எனப் படமும் விதியுமாக வகுத்துச் சட்டமாக்குவது. குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வாணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை முதலிய வகைகள் அதன்கண் உள. ஒவ்வொன்றிற்கும் ஒரு நிறம். படத்தில் மஞ்சள் தீட்டிய இடத்தில் வீடெழும். ஊதா தீட்டிய இடத்தில் ஆலையெழும். பச்சை தீட்டிய இடம் வெளியாய்க் கிடக்கும், அல்லது கிடத்தல் வேண்டும். காகிதத்தில் ஒரு நூலிழை அகலம் தரையில் ஒரு தெருவாம் என்பதை நினைவிற் கொள்க.

ஊரை இவ்வாறு பகுத்தல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துப் புகார் நகரம், மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாய், இடையே நாளங்காடி உடையதாய்க் காட்டப்படுகின்றது. கடல் வாணிகரும் தொழில்வினைஞரும் ஒரு பாலும், அரச வீதியும் அந்தணர் இல்லங்களும் மற்றொரு பாலுமாக அமைந்தன. காவியத்துக் கண்ட நகரம் கல்லும் மண்ணுமாய் அங்ஙனமே நின்றது என்று யாம் சாதிக்கவில்லை. பகுத்து வாழும் எண்ணம் பழையது என்ற அளவிலே கொள்க.

இக்கால முறையில் சென்னைக்கு நகரமைப்பு வந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோம். ஸ்காட்லாந்து தேயத்துப் பேரறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் என்பார் 1915-இல் தம் நகரமைப்புக் கண்காட்சியோடு சென்னை வந்தனர். கொசுவுக்கு அஞ்சி ஊர்க்குளங்களைத் தூர்க்கும் வழக்கத்தை அவர் ஒப்பவில்லை. மீனும் வாத்தும் விட்டு வளர்த்தால் கொசுவின் குடம்பிகளை அவையே தின்னும், குளமும் பிழைக்கும் என்பது அவர் கொள்கை. 1920-இல் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அப்பத்தாண்டிலேயே மாம்பலத்து நெடிய ஏரியின் நிலத்தில் தியாகராய நகர் எழத் தொடங்கிற்று. கெட்டிஸ் சொல்லியது எத்துணைச் செவியில் ஏறிற்று என்பதை இதனால் உணர்க. பின்னர் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், 1972-இல் தோன்றி 1974-இல் சட்டநிலை பெற்ற வளர்ச்சிக் குழுமமும், 1975-இல் முதல் முழுமைத் திட்டமும் வந்தன. முதல் திட்டத்திற்கும் இரண்டாந் திட்டத்திற்கும் இடையே கழிந்தன 33 ஆண்டுகள். அவ்விடைக்காலத்தே அம்பத்தூர் என்னும் சிற்றூர் ஒரு நகரமாயிற்று.

இவ்வூரை வளர்த்தது இருப்புப்பாதை. இராயபுரத்தினின்று வாலாசா சாலைக்கு 1856-இல் ஓடிய தென்னாட்டின் முதற் புகைவண்டி நம் ஏரிக்கரை ஓரமாகவே சென்றது. 1949-இல் மிதிவண்டி ஆலை வந்தது. 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. பாடியிலே, அஃதாவது சம்பந்தர் பாடல் பெற்ற திருவலிதாயத்திலே, மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகள் எழுந்தன. கடைசலிலும் அச்சுவார்ப்பிலும் கை தேர்ந்து, கடன் வாங்கி ஓர் எந்திரம் நிறுத்திப் பட்டறை கண்ட நம்மவர் பலர் இந்த அவையிலேயே உளர். 2001-இல் மூன்று இலட்சமாயிருந்த அம்பத்தூர் நகராட்சியின் மக்கட்டொகை 2011-இல் நான்கரை இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டிலேயே நகராட்சி மறைந்து சென்னை மாநகராட்சியின் ஏழாம் மண்டலமாயிற்று. தொழில் வந்தது, குடி வந்தது. மழைநீர் செல்லும் வழியை மட்டும் எவரும் கேட்டிலர்.

இவ்விடத்தே சற்று விரித்துச் சொல்லல் வேண்டும். நம் தொண்டை நாடு வற்றாத பேராறு பாயாத நாடு. ஆதலின் முன்னோர் மழையையே ஆறாக்கினர். மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே மிகைநீர் கழியும். அது கால்வாயிற் சென்று அடுத்த ஏரியை நிரப்பும். அவ்வாறே அம்பத்தூர் ஏரியின் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்கும், அதனின்று ரெட்டேரிக்கும் செல்லும். மூன்றும் ஒரு சரடு. சரட்டின் ஓரிடத்தை அறுத்தால் மூன்றும் கெடும். மதகு வழியே வரும் நீர் ஆயக்கட்டு நஞ்சைக்குப் பாயும். அவ்வாய்க்காலைத் தூர்வாரி வைத்தவர் அந்நஞ்சைக்கு உரியோரே.

நஞ்சை மனையானபோது நிகழ்ந்தது யாது? நெல் நின்றது, அதனொடு வாய்க்காலைக் காப்பவரும் நின்றுபோயினர். பத்திரத்திலே மனைக்கு நான்கெல்லை எழுதினர். வாய்க்காலுக்கு எழுதுவார் இல்லை. சிலவிடத்து அது சாக்கடையாயிற்று, சிலவிடத்துச் சாலையாயிற்று, சிலவிடத்து மதிற்சுவரின் கீழ் மறைந்தது. நீரோ பத்திரம் படிப்பதில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அது தன் பழைய வழியைத் தேடி வந்ததனை நாமனைவேமும் கண்டோம். தொழிற்பேட்டையுள் வெள்ளம் புகுந்து எந்திரங்கள் மூழ்கின. மோட்டாரைப் பிரித்து வெயிலில் உலர்த்திய பட்டறைக்காரர்க்கு அந்த மாதத்துக் கடன்தவணை நின்றதா? நிற்கவில்லை. கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலத்தல் பற்றி அவ்வூர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல வேண்டியதாயிற்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டை மாணவர் அனைவரும் குடவோலைக்காகப் படிக்கின்றனர். பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற அதன்கண் ஏரி வாரியம் என ஒரு தனி வாரியம் சொல்லப்பட்டிருத்தலை அவருட் சிலரே நினைவில் வைப்பர். ஏரியைப் பார்ப்பதே வேலையாக ஊரார் சிலரைத் தேர்ந்தெடுத்தனர். இக்காலத்தும் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் ஒரு சட்டம் உண்டு. சட்டம் ஏரியைக் காக்கும். ஏரிக்கு நீர் வரும் காலையும், அது கழியும் காலையும், இரு ஏரிக்கு இடைப்பட்ட பள்ளத்தையும் காக்கவேண்டுவது ஊர்ப்படமே. ஆதலின் எம் கருத்து இது: புதிய படத்தில் முதலில் நீர்வழியைத் தீட்டுக; அதன்பின் எஞ்சிய இடத்திற்கு மஞ்சளும் ஊதாவும் தீட்டுக. நடந்துவந்ததோ இதற்கு நேர் மாறு.

இனிச் சிலர்க்குக் கசக்கும் ஒன்றைச் சொல்லுவோம், பொறுத்தருள்க. நம்மவருள் வெள்ளத்தில் வீடு மூழ்கியவரும் உளர். மனைபிரித்து விற்பவரும் உளர். இருவரும் ஒரே பந்தியில் உண்கின்றனர். திருமுல்லைவாயில், அயப்பாக்கம் பக்கங்களில் நிலம் வைத்திருக்கும் உறவினர் சிலர், வேளாண்மை எனக் குறித்த இடத்தைக் குடியிருப்பாக மாற்றித்தரச் சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் போடவேண்டும் என்கின்றனர். நிலப்பயன் மாறினால் விலை பன்மடங்காம் என்பது மெய்யே. பெண்ணுக்கு நகை, பிள்ளைக்குப் படிப்பு என்று அவர் கணக்கிடுதல் குற்றமன்று. மேட்டுப் புஞ்சையாயின் யாமும் உடன் கையொப்பமிடுவோம். ஏரியின் உள்வாயை ஒட்டிய தாழ்நிலமும், கால்வாய்க்கரை நிலமும், வடக்கே புழல் ஏரியின் நீர்ப்பிடிப்பு நிலமுமாயின், அதனை வாங்கப்போகிறவரும் நம் சுற்றத்தாரே என்று எண்ணிப் பார்க்க. விற்றவர் கையில் ஒருமுறை பொருள் வரும். வாங்கியவர் வீட்டில் ஆண்டுதோறும் நீர் வரும். சங்கத்தின் பெயர் அவ்விண்ணப்பத்தில் ஏறலாகாது என்பதே எம் துணிபு.

"இப்பொழுது கட்டிவிடுவோம், பின்னர் வரன்முறைப்படுத்திக் கொள்வோம்" என்பாரும் உளர். 113-அ என்னும் பிரிவால் விதிமீறிய கட்டடங்கட்குக் கட்டணம் பெற்று விலக்களித்ததை 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒருமுறைச் சலுகை என்ற அளவிலேயே ஏற்றது. 2016-இல் உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்தபோது, மகள் கலியாணத்திற்கென மனை வாங்கி வைத்தவர் விற்கவியலாது தவித்ததை மறந்தீரோ? 2017-இல் வரன்முறை விதி வந்து வழிவிட்டது. வரன்முறைக் கட்டணம் காகிதத்தைச் சீராக்கும், பள்ளத்தை மேடாக்காது.

தளப்பரப்புக் குறியீடு என்றொரு சொல் அடிக்கடி நும் செவியிற் படும். மனையின் பரப்பைப்போல் எத்துணை மடங்கு தளம் கட்டலாம் என்பதே அது. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி உயரமல்லாக் கட்டடத்திற்கு அது 2. 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம் என்க. மிக உயர்ந்த கட்டடத்திற்கு 3.25 வரையும் செல்லும். மாதவரத்தினின்று சோழிங்கநல்லூர் செல்லும் மெட்ரோ வழித்தடம் அமைவதால், அதனருகே இன்னும் உயரக் கட்டலாம் என்னும் பேச்சு எழும். எழுக, நிலையத்தருகே உயர்ந்து கட்டினால் ஏரிக்கரை தப்பும் என்பதனால் யாம் அதனை எதிர்ப்போமல்லோம். அத்தெருவின் கழிவுநீர்க் குழாயும் அதற்கேற்ப அகலுமா என்பதை மட்டும் முன்னரே கேட்க. பட்டறை இருக்கும் தெருவில் மாடிவீடு வந்தால், சம்மட்டியோசை பொறுக்காத புதுக்குடியினர் மனுப்போட்டுப் பட்டறையை விரட்டுவர் என்பதனையும் தொழில் செய்வோர் எண்ணுக. ஊதா நிறத்தை எளிதில் விட்டுக்கொடுக்கற்க.

பூங்கா விடுதல் பற்றியும் ஒரு சொல். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கிய பரப்பில் பத்தில் ஒரு பங்கு பொதுவெளியாக விடுதல் கட்டாயம். 3,000 முதல் 10,000 வரையாயின் நிலத்திற்கு ஈடாகப் பணம் கட்டலாம் என்று இரண்டாந் திட்ட விதி இடங்கொடுத்தது. பணத்தின்மேற் பிள்ளைகள் பந்தாடவியலுமா? இவ்விடத்தை மாற்றக் கேட்பது நம் விண்ணப்பத்தில் ஒன்றாகுக.

இனி நடைமுறை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, திட்டம் தயாரித்த அறிவிப்பு அரசிதழில் வெளியாதல் வேண்டும். அந்நாள் முதல் இரண்டு திங்களுக்குக் குறையாத கால எல்லைக்குள் எவரும் எழுத்தால் ஆட்சேபமும் யோசனையும் தெரிவிக்கலாம். நேரிற் சொல்ல விரும்புகின்றோம் என்று அதிலேயே எழுதிக் கேட்டவர்க்கு அவ்வாய்ப்பை மறுத்தல் ஆகாது. அக்கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை, நாம் எழுதுவோம். "எங்கள் ஏரியைக் காக்க" என்று பொதுப்பட எழுதிய காகிதம் கட்டோடு கட்டாய்ப் போகும். "இன்ன கிராமம், இன்ன புல எண், 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு எனவுளது, வரைவுப் படத்தில் குடியிருப்பாகத் தீட்டப்பட்டுளது" என்று எழுதிய காகிதத்திற்கு விடை சொல்லியே தீரல் வேண்டும். தமிழிலேயே எழுதுக. படமும் விதியும் தமிழில், புல எண்ணோடு தெருப்பெயரும் சேர்த்து, ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் வைக்கப்பெறல் வேண்டும் என்பதை முதல் யோசனையாக வைப்போம்.

அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பின் இரண்டு திங்கள் இரண்டு நாளாய்க் கழியும். ஆகவே வேலையை இன்றே பகுத்துக்கொள்வோம். கொரட்டூர், பாடிப் பக்கத்து உறுப்பினர் தம் பகுதிக் கால்வாய்களின் புலப்பட நகல்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துப் பெறுக. பட்டரவாக்கம், தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர் 2023-இல் தத்தம் சுவரில் நீர் நின்ற உயரத்தைச் சாயத்தாற் குறித்து, அளந்து எழுதித் தருக. ஒரகடம், கள்ளிக்குப்பம் பகுதிகளில் எழுபது கடந்த பெரியோரை இளைஞர் அழைத்துச் சென்று, பண்டு கலங்கலும் மதகும் இருந்த இடங்களைக் கேட்டு, இரண்டாந் திட்டப் படத்தின் நகலில் நீலப் பென்சிலாற் குறித்து வருக. அடுத்த திங்கள் கூட்டத்திற்கு அரைமணி முன்னதாக, நீண்ட மேசையொன்று இம்மண்டபத்து வடபால் இடப்படும். கொணர்ந்த படங்களை அதன்மேல் விரித்து ஒன்றோடொன்று ஒட்டிப் பார்ப்போம்.